தென்னையும் வண்டும்: 1890ஆம் ஆண்டுச் சட்டமும் சிங்கப்பூர்ச் சமூக வரலாறும்

சிங்கப்பூரின் வேளாண்மை வரலாற்றை எழுதியோர் சாதிக்காய், மிளகு, கேம்பியர், ரப்பர் ஆகிய பயிர்களின் ஏற்ற இறக்கங்களை விரிவாகப் பேசியுள்ளனர். அப்பயிர்களுக்குப் பகையான பூச்சிகளுக்கு அவ்வெழுத்துகளில் கிடைத்த இடம் சிறிதே. ஆயினும் தென்னையைத் தாக்கும் வண்டுகள் இங்குத் தனிச் சட்டம் ஒன்றுக்கே காரணமாயின. அச்சட்டத்தின் சமூகப் பொருளை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

1888ஆம் ஆண்டு, நீரிணைக் குடியேற்றங்களின் பூங்கா, வனத்துறை இயக்குநராக ஹென்றி நிக்கலஸ் ரிட்லி பொறுப்பேற்றார். ரப்பர் மரத்தைச் சிதைக்காது பால் வடிக்கும் முறையை வகுத்தவர் என்றே அவரைப் பலரும் அறிவர். அவருடைய தொடக்ககாலப் பணிகளுள் ஒன்று, வண்டுகளால் தென்னை அழிவது பற்றிய அறிக்கையாகும். அது 1889ஆம் ஆண்டு அரச ஆசியக் கழகத்தின் நீரிணைக் கிளை இதழில் வெளிவந்தது. மறு ஆண்டே தென்னை மரப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது.

தென்னையின் வண்டுப் பகைவருள் முதன்மையானவை இரண்டு. காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைத்து உண்கிறது. பின்னர் விரியும் ஓலை, கத்தரியால் வெட்டியதுபோல் தோன்றும். அதன் புழுவோ உயிருள்ள மரத்தை நாடுவதில்லை. மட்கிய அடிமரத்திலும் எருக்குவியலிலும் வளர்கிறது. சிவப்புக் கூன்வண்டு அக்காயங்களில் முட்டையிடுகிறது. அதன் புழு தண்டைக் குடைந்து மரத்தையே கொல்கிறது. வெள்ளரி, பூசணிக் கொடிகளின் இலையைத் தின்னும் பூசணி வண்டின் புழு, மண்ணுக்கடியில் வேரைக் கடிப்பது இதனோடு ஒப்பிடத்தக்கது. சேதம் வெளியே தெரிகிறது. பெருக்கம் மறைவில் நிகழ்கிறது.

சட்டம் அம்மறைவிடத்தையே நோக்கியது. பட்ட மரங்களையும் வண்டு பெருகும் கழிவுகளையும் அகற்றுவது நிலத்துக்கு உரியோரின் கடமையாயிற்று. ஆனால் மரத்தைச் சாய்த்து, பிளந்து, எரிப்பது கூலி உழைப்பாளரின் வேலை. சட்டம் உடைமையாளரை விளித்துப் பேசினாலும், அதை நிறைவேற்றியவை உழைப்பாளரின் கைகளே.

எருக்குவியலும் இவ்வாறே சிந்தனைக்குரியது. அக்காலத்தில் சிராங்கூன் சாலைப் பகுதி இந்தியர் ஈடுபட்டிருந்த மாட்டுத் தொழிலின் மையமாக விளங்கியது. எருமைத் தொழுவம் எனப் பொருள்படும் கண்டாங் கெர்பாவ் என்னும் மலாய்ப் பெயர் அதற்கு இன்றும் சான்று. மாட்டு எரு பயிரிடுவோருக்கு உரம். தென்னை உடைமையாளருக்கோ வண்டின் பிறப்பிடம். எது செல்வம், எது கழிவு என்பதை அவரவர் வாழ்நிலையே முடிவு செய்தது.

இவ்வண்டின் வரலாறு இத்தீவோடு முடியவில்லை. 1909ஆம் ஆண்டு இலங்கையிலிருந்து சென்ற ரப்பர் நாற்றுகளோடு அது சமோவாவை அடைந்து, பசிபிக் தீவுகளில் பரவியது. ரிட்லி போற்றி வளர்த்த பயிரே அவர் எதிர்த்த வண்டுக்கு ஊர்தியாயிற்று. 1960களில் மலாயாவில் கண்டறியப்பட்ட, இவ்வண்டைத் தாக்கும் வைரசு, 1967இல் சமோவாவில் பரப்பப்பட்டுப் பயனளித்தது.

ஆகவே, பூச்சியின் வரலாறு இயற்கையின் வரலாறு மட்டுமன்று. தோட்டம், தொழுவம், கப்பல், கூலி ஆகியவற்றின் வரலாறுமாகும். சிங்கப்பூர் இந்தியரின் வரலாற்றைக் கற்பிப்போர் கோயில், கடைத்தெரு, சங்கம் ஆகியவற்றோடு, பட்ட மரத்தை எரித்த கைகளையும் எருச்சுமந்த தோள்களையும் பாடத்தில் சேர்த்தல் வேண்டும் என்பது நம் துணிபு.