கிழிக்கப்பட்டது படி ஓலை

பாடசாலையில் சைவசமயம் படித்த எவருக்கும் தடுத்தாட்கொண்ட கதை தெரிந்திருக்கும். புத்தூரில் சுந்தரரின் திருமணம் நடக்கவிருந்த வேளையில் முதிய அந்தணர் ஒருவர் வருகிறார். சுந்தரரின் பாட்டனார் எழுதிக் கொடுத்த ஓலையின்படி அவர் தமக்கு அடிமை என்கிறார். சினமுற்ற சுந்தரர் அந்த ஓலையைப் பறித்துக் கிழித்து எறிகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. அங்கே முதியவர் சொன்ன ஒரு விடயம் வழக்கையே திருப்பிவிடுகிறது. கிழிக்கப்பட்டது படி ஓலை மட்டுமே. மூல ஓலை தம்மிடம் பத்திரமாக உள்ளது என்பதே அது.

பக்தியோடு படிக்கவேண்டிய கதைதான். ஆயினும் ஆவணங்களோடு காலம் கழித்த ஒரு பத்திரிகையாளன் அதில் வேறொன்றையும் காண்கிறான். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் சோழர் ஆட்சியில் வாழ்ந்தவர். அவர் விவரிக்கும் விசாரணை முறை அவர் காலத்து வழக்கத்தை ஒட்டியதாக இருத்தல் வேண்டும். கரணத்தான் ஓலையை வாசிக்கிறான். மேலெழுத்திட்டவர்களின் எழுத்து சரிபார்க்கப்படுகிறது. பாட்டனார் எழுதிய வேறோர் ஓலை காப்பிடத்திலிருந்து கொண்டுவரப்பட்டு இரண்டும் ஒப்பிடப்படுகின்றன. ஓலையை எவரும் கிழிக்கலாம், திருத்தலாம் என்பதை அந்தச் சபை அறிந்திருந்தது. ஆகவே அது ஓலை ஒன்றை மட்டும் நம்பவில்லை.

இந்த எச்சரிக்கை ஓலையை விடவும் பழையது. ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் மெசொப்பொத்தேமியாவில் கடன் பத்திரத்தை ஈரக் களிமண் பலகையில் எழுதினார்கள். அதன்மேல் களிமண்ணாலேயே ஓர் உறை போர்த்தி, உறையிலும் விடயத்தை எழுதி, சாட்சிகளின் முத்திரைகளைப் பதித்தார்கள். வெளியே உள்ள தொகையில் எவரேனும் கைவைத்ததாகத் தகராறு எழுந்தால் நீதிபதி முன்னிலையில் உறையை உடைத்து உள்ளே இருப்பதைப் பார்க்கலாம். இன்றைய துருக்கியில் உள்ள குல்தேப்பேயில் அசீரிய வணிகர்களின் 20,000க்கும் மேற்பட்ட களிமண் பலகைகள் கிடைத்துள்ளன. அவற்றுள் இத்தகைய உறையிட்ட பத்திரங்களும் உண்டு.

சோழர் செப்பேடுகளிலும் இதே சிந்தனையைக் காணலாம். நாகப்பட்டினம் சூளாமணி விகாரைக்கு ராஜராஜன் அளித்த கொடையைக் கூறும் பெரிய லெய்டன் செப்பேடு 21 ஏடுகளைக் கொண்டது. ஏடுகள் ஒரு வளையத்தில் கோக்கப்பட்டு, வளையத்தின் முனைகள் ராஜேந்திரனின் முத்திரையால் பிணைக்கப்பட்டன. முத்திரையையோ வளையத்தையோ சிதைக்காமல் ஓர் ஏட்டைச் செருகவோ உருவவோ முடியாது. உறையும் சரி, வளையமும் சரி, மாற்றத்தைத் தடுப்பவையல்ல. மாற்றம் நிகழ்ந்தால் அதை மறைக்க முடியாமல் செய்பவை.

இலங்கையில் நாம் நாளாந்தம் காணும் காணி உறுதி, முதியவரின் வழியில் இன்னும் ஒருபடி மேலே போனது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், காணிக் கைமாற்றம் நொத்தாரிசு ஒருவரும் குறைந்தது இரு சாட்சிகளும் முன்னிலையில் கையொப்பமிடப்பட வேண்டும் என்றது. உறுதியின் ஒரு பிரதி காணிக்காரருக்கு, ஒன்று நொத்தாரிசுக்கு, ஒன்று காணிப் பதிவகத்துக்கு. ஒருவருக்கொருவர் கடமைப்படாத மூன்று கைகளில் மூன்று பிரதிகள். யுத்த காலத்தில் வீட்டோடு உறுதியையும் இழந்தவர்கள் பதிவகத்துப் பிரதியைக் கொண்டு தமது உரிமையை நிறுவ முடிந்தமைக்கு இந்த ஏற்பாடே காரணம்.

கணினி வந்ததும் நாம் இந்தப் பாடத்தை மறந்துவிட்டோம் என்றே தோன்றுகிறது. 2003 பெப்ரவரியில் பிரிட்டிஷ் பிரதமர் அலுவலகம் ஈராக் பற்றிய ஓர் ஆவணத்தை வெளியிட்டது. பெப்ரவரி 5ஆம் திகதி ஐ.நா. பாதுகாப்புச் சபையில் கொலின் பவல் அதைப் புகழ்ந்து பேசினார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக விரிவுரையாளர் கிளென் ரங்வாலாவுக்கு அதன் வரிகள் முன்னரே படித்தவையாகத் தோன்றின. 2002 செப்டெம்பரில் இப்ராஹிம் அல்-மராஷி என்ற ஆய்வு மாணவர் எழுதிய கட்டுரையின் பெரும் பகுதிகள், எழுத்துப் பிழைகளுடன் அப்படியே பெயர்க்கப்பட்டிருந்தன. ஆசிரியரின் அனுமதியோ பெயரோ இல்லை. ஆனால் சில சொற்கள் மட்டும் மாறியிருந்தன. எதிர்ப்புக் குழுக்களுக்கு உதவுவதாக மூலத்தில் இருந்தது, பயங்கரவாத அமைப்புகளை ஆதரிப்பதாக மாறியது. வெளிநாட்டுத் தூதரகங்களைக் கண்காணிப்பது, உளவு பார்ப்பதாயிற்று.

அந்த ஆவணம் மைக்ரோசொப்ட் வேர்ட் கோப்பாகவே இணையத்தில் ஏற்றப்பட்டிருந்தது. கோப்பை இறுதியாகச் சேமித்த பத்துத் தடவைகளின் பதிவு அதனுள் மறைந்திருந்தது. அதிலிருந்து கையாண்ட அலுவலர்களின் பெயர்கள் வெளிவந்தன. மூலக் கட்டுரை வேறு கைகளில் இருந்ததால் திருத்தம் பிடிபட்டது. கோப்பில் தடயம் தங்கியதால் ஆட்கள் தெரியவந்தனர். ஆயினும் மார்ச் 20ஆம் திகதி யுத்தம் தொடங்கியது. உண்மை தெரிவது ஒன்று. அதைக் கேட்கும் சபை இருப்பது வேறொன்று.

இன்று அலுவலகங்களில் பலர் ஒரு கோப்பைக் கடவுச்சொல்லால் பூட்டியதும் நிம்மதியடைகிறார்கள். வேர்ட் கோப்பில் திருத்துவதை மாத்திரம் தடுக்கும் பூட்டு உள்ளடக்கத்தை மறைகுறியாக்குவதில்லை. வாசிக்க முடிந்தவர் பிரதிசெய்து புதுக் கோப்பாக்கலாம். பவர்பொயின்டில் இறுதி வடிவம் எனக் குறிப்பதையும் எவரும் ஒரு சொடுக்கில் நீக்கலாம். திறப்பதற்கே கடவுச்சொல் வைப்பது இதனினும் வலுவானது. ஆனால் அந்தச் சொல்லை அறிந்த எவரும் திருத்தலாம். எண்ணிமக் கையொப்பம் மட்டுமே களிமண் உறையின் வேலையைச் செய்கிறது. கையொப்பமிட்ட பின் ஓர் எழுத்து மாறினாலும் அக்கையொப்பம் செல்லாததாகிவிடும்.

அதுவும் போதாது. கையொப்பம் உடைந்த கோப்பு, மாற்றம் நிகழ்ந்ததைச் சொல்லும். முன்னர் என்ன இருந்தது என்பதைச் சொல்லாது. அதைச் சொல்ல மூலம் வேண்டும். அது நம் கணினியிலும், அதே மேலதிகாரியின் கட்டுப்பாட்டில் உள்ள இன்னொரு கணினியிலும் இருந்து பயனில்லை. கூட்டக் குறிப்பானாலும் கணக்கறிக்கையானாலும், முடிந்த அன்றே அதன் ஒரு பிரதி நம் கைக்கு எட்டாத ஒருவரிடம் போய்ச் சேர வேண்டும். திருவெண்ணெய்நல்லூர் முதியவர் மணப்பந்தலுக்குக் கொண்டுவந்தது படி ஓலையைத்தான்.