மதராஸிலிருந்து போன ஓட்டை டாலர்

ஆஸ்திரேலியாவின் முதல் வெள்ளி நாணயத்திற்கும் நம்ம மதராஸுக்கும் ஒரு தொடர்பு உண்டு. தெரியுமா நண்பர்களே?

1812-ல் சிட்னியில் காசுக்குக் கடும் தட்டுப்பாடு. சரக்கு விற்க வந்த கப்பல்காரர்கள் இருந்த வெள்ளியையும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். மக்கள் ரம்மையே பணமாகக் கொடுத்து வாங்கினார்கள். அந்த நவம்பரில் மதராஸிலிருந்து 'சமராங்' என்ற கப்பல் 40,000 ஸ்பானிய வெள்ளி டாலர்களோடு சிட்னி வந்து சேர்ந்தது. மதிப்பு 10,000 பவுண்டு.

இதுவும் கப்பலேறிப் போகாமல் தடுப்பது எப்படி? கவர்னர் மக்வாரி ஒரு யோசனை செய்தார். ஒவ்வொரு டாலரின் நடுவிலும் ஓட்டை போடச் சொன்னார். வேலையைச் செய்தவர் ஹென்ஷல், கள்ள நாணயக் குற்றத்திற்காக நாடு கடத்தப்பட்டு வந்த கைதி! வளையத்திற்கு 5 ஷில்லிங், நடுத்துண்டுக்கு (பெயர் 'டம்ப்') 15 பென்ஸ் என்று 1813-ல் முத்திரை குத்தினார்கள்.

காமர்ஸ் படிக்கிறவர்கள் கணக்கைப் பாருங்கள். 60 பென்ஸ் டாலர் 75 பென்ஸ் ஆகிவிட்டது. அரசுக்கு 25 சதவீத லாபம். முகமதிப்பை விட வெள்ளி குறைவு என்பதால் வெளியூரில் அந்த விலைக்கு யாரும் வாங்கமாட்டார்கள். அதனால் காசு ஊரிலேயே தங்கியது.

இதே ஸ்பானிய டாலர்களின் மேல் 1807 முதல் மதராஸில் கம்பெனியார் அரை வராகன் அச்சடித்தார்கள். ஒரு பக்கம் கோவில் கோபுரம், மறுபக்கம் பெருமாள், கூடவே தமிழ், தெலுங்கு எழுத்து. ஒரே டாலர் இங்கே கோபுரமானது, அங்கே ஓட்டையானது. இரண்டிலும் பழைய ஸ்பானிய அச்சு மறையாமல் தெரிவதுண்டு.

1822-ல் ஓட்டை டாலரைத் திரும்பப் பெறத் தொடங்கினார்கள், 1829-ல் செல்லாததாக்கினார்கள். பெரும்பாலானவை உருக்கப்பட்டன. இன்று மிஞ்சியவை சுமார் 300 தான், எனவே விலை லட்சங்களைத் தாண்டுகிறது. வெளியே யாரும் விரும்பக் கூடாது என்று செய்த காசுக்கு இன்று உலகமெங்கும் போட்டி!

ஆகவே பாட்டி பெட்டியில் கோபுரம் போட்ட பழைய வெள்ளிக்காசு கிடைத்தால் எடை போட்டு விற்றுவிடாதீர்கள். புளி போட்டுத் தேய்க்கவும் வேண்டாம், தேய்த்தால் மதிப்பு போய்விடும். போலிகளும் நிறைய உண்டு. முதலில் விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.