அடிநாதமாய் நின்றவர்

இசையரங்கிற்குச் செல்வோரின் கண்கள் முதலிற் பாடகரை நாடும். அடுத்து, விரைந்து விரலோட்டும் கிற்றார் கலைஞரை நாடும். சற்றுப் பின்னே நின்று தாழ்ந்த சுருதியில் ஒலியெழுப்புபவரைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. தம்புராவின் நாதம் ஓயும்போதுதான் அது இதுவரை ஒலித்துக்கொண்டிருந்ததை நாம் உணர்கின்றோம். மேலைநாட்டு றொக் இசையில் பேஸ் கிற்றாரின் நிலையும் நெடுங்காலம் ஏறக்குறைய இதுவாகவே இருந்தது. அந்நிலையை மாற்றியோருள் ஒருவர் இங்கிலாந்தைச் சேர்ந்த கிறிஸ் ஸ்குவையர். 2015ஆம் ஆண்டு யூன் மாதம் 27ஆம் திகதி, 67 வயதில், அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் அவர் காலமானார். இரசிகர்கள் அவரை நினைவுகூர்ந்த விதத்தை விளங்கிக்கொள்வதற்கு, அவருடைய வாழ்க்கையைச் சிறிது பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

இலண்டன் மாநகரின் வடமேற்கிலுள்ள கிங்ஸ்பரி என்னும் இடத்தில் 1948ஆம் ஆண்டு மார்ச் மாதம் 4ஆம் திகதி ஸ்குவையர் பிறந்தார். அவ்வூர்ப் புனித அந்திரேயர் தேவாலயத்தின் பாடற்குழுவே அவருக்கு முதலாவது இசைப்பள்ளியாயிற்று. அங்கே அவரைப் பயிற்றியவர் பரி றோஸ். பிற்காலத்தில் இலண்டன் புனித பவுல் பேராலயத்தின் பாடற்குழுவை நடத்திய பெருமைக்குரியவர். தேவாலயப் பாடற்குழுவிலே பல குரல்கள் ஒருங்கே ஒலிப்பினும் ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனி வழி உண்டு. கீழ்க்குரல் மேற்குரலைத் தாங்கும். தாங்கிக்கொண்டே தானும் ஒரு பாட்டாக நடக்கும். சிறுவயதிற் செவியிற் படிந்த இப்பாடம் ஸ்குவையரின் வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு நீங்கவில்லை.

1964ஆம் ஆண்டில், தலைமயிரை நீளமாக வளர்த்தமைக்காகப் பாடசாலை அவரை இடைநிறுத்தியது. மயிரைக் கத்தரித்துக்கொண்டு வருமாறு அனுப்பப்பட்ட மாணவன் மீண்டும் வகுப்பறைக்குத் திரும்பவேயில்லை. இலண்டன் றீஜன்ற் வீதியிலிருந்த ஓர் இசைக்கருவி விற்பனை நிலையத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. ஊழியருக்குரிய விலைக்கழிவைப் பயன்படுத்தி, 1965ஆம் ஆண்டில், அமெரிக்கத் தயாரிப்பான றிக்கன்பாக்கர் பேஸ் கிற்றார் ஒன்றை அவர் வாங்கினார். ஏறக்குறைய 50 ஆண்டுகள் அக்கருவி அவருடைய அடையாளமாக விளங்கிற்று.

அவருடைய வாசிப்பின் தனித்தன்மைக்குச் சில காரணங்கள் உண்டு. பேஸ் கிற்றாரைப் பலர் விரல்நுனியால் மீட்டுவர். அவரோ மீட்டுகட்டையைப் பயன்படுத்தி மீட்டினார். அதனால் ஒவ்வொரு சுரமும் கூர்மையாக எழுந்தது. அன்றியும், கருவியின் தாழ்ந்த ஒலியை ஒரு பெருக்கியிலும் உயர்ந்த ஒலியை வேறொரு பெருக்கியிலும் பிரித்துச் செலுத்தினார். கீழே கனமும் மேலே கூர்மையும் ஒருங்கே அமைந்தமையால், மற்றைய கருவிகள் எத்துணை உரத்து ஒலிப்பினும் அவருடைய குரல் அமிழ்ந்துபோகவில்லை.

1968ஆம் ஆண்டில், இலண்டன் சோகோப் பகுதியிலிருந்த ஒரு மதுச்சாலையில், ஜோன் அன்டர்சன் என்னும் பாடகரை ஸ்குவையர் சந்தித்தார். பல குரல்கள் இணைந்து பாடுவதில் இருவருக்கும் இருந்த விருப்பமே அவர்களை இணைத்தது. அவ்வாண்டிலேயே ‘யெஸ்’ என்னும் குழு தோன்றியது. ‘ஆம்’ என்னும் ஒற்றைச் சொல்லே அதன் பெயர். மூன்று நிமிடப் பாட்டின் எல்லையைக் கடந்து, நீண்ட அமைப்பும் மாறிமாறி வரும் தாளமும் கொண்ட ‘புறோகிரசிவ் றொக்’ என்னும் இசைவகை அக்காலத்தில் இங்கிலாந்திலே வளர்ந்துகொண்டிருந்தது. அதன் முன்னணிக் குழுக்களுள் யெஸ் ஒன்றாயிற்று. 1972இல் வெளிவந்த ‘குளோஸ் ரு தி எட்ஜ்’ என்னும் இசைத்தட்டின் தலைப்புப் பாடல் 18 நிமிடங்களுக்கு மேல் நீண்டு, தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் நிரப்பியது.

நீராடும் அறையிலே நெடுநேரம் கழிப்பவர் என்பதால் ஸ்குவையருக்கு ‘மீன்’ என்று நண்பர்கள் பெயரிட்டிருந்தனர். 1971இல் வெளிவந்த ‘பிரஜைல்’ இசைத்தட்டில் அப்பெயரையே தாங்கிய ஓர் உருப்படி உண்டு. பேஸ் கிற்றாரின் ஒலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அதன் பெரும்பகுதியை அவர் அமைத்திருந்தார். 1975இல் தமது பெயரில் தனி இசைத்தட்டொன்றை வெளியிட்டபோது அவர் பழைய ஆசானை மறந்தாரல்லர். புனித பவுல் பேராலயத்தின் ஓர்கனை அத்தட்டிற்காக வாசித்தவர் பரி றோஸ். வாத்தியக் கோவையை ஒழுங்குசெய்தவரும் பாடற்குழுவிற் கூடப் பாடிய இளமைத் தோழரே.

யெஸ் குழுவில் உறுப்பினர் வருவதும் போவதும் வழக்கமாயிருந்தன. அன்டர்சன் விலகினார், மீண்டார், மறுபடியும் பிரிந்தார். குழுவின் பெயர் எவருக்கு உரியது என்ற பிணக்கும் 1989இல் எழுந்தது. எனினும் 1969 முதல் 2014 வரை வெளிவந்த குழுவின் ஒவ்வோர் ஒலிப்பதிவுக்கூட இசைத்தட்டிலும் இடம்பெற்றவர் ஸ்குவையர் ஒருவரே. இரசிகர்கள் குழுவையும் அவரையும் வேறாக எண்ணாதிருந்தமைக்கு இதுவே காரணம்.

2015ஆம் ஆண்டு மே மாதத்தில், அவர் இரத்தப் புற்றுநோயால் பீடிக்கப்பட்டுள்ளார் என்ற அறிவித்தல் வெளியாயிற்று. சில வாரங்களுள் உயிர் பிரிந்தது. முன்னரே ஒழுங்குசெய்யப்பட்ட இசைப்பயணம் ஓகஸ்ட் 7ஆம் திகதி அமெரிக்காவின் கனெற்றிக்கற் மாநிலத்தில் தொடங்கியது. குழு தோன்றிய நாள் தொடக்கம் ஸ்குவையர் இன்றி நடந்த முதலாவது நிகழ்ச்சி அதுவே. அப்பயணத்தில், குழுவினர் மேடையேறுமுன், அவருக்கே உரிய றிக்கன்பாக்கர் கிற்றார் மேடையில் ஒளிவெள்ளத்தில் தனித்து நின்றது. அவர் இயற்றிய ‘ஒன்வேர்ட்’ என்னும் பாடல் அரங்கிலே ஒலித்தது. முன்னோக்கி என்பது அத்தலைப்பின் பொருள்.

அவரில்லாத குழு அப்பெயரைத் தாங்கலாமா? இரசிகர்கள் இக்கேள்விக்கு ஒரே விடை கூறவில்லை. தூண் சாய்ந்தபின் கூரைக்கு இடமேது என்றனர் ஒரு சாரார். அவர் எழுப்பிய வீட்டைப் பூட்டிவைப்பது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது என்றனர் மறுசாரார். நோயுற்றபோது அவரே தமது இடத்துக்கு பில்லி ஷேர்வூட் என்பாரைத் தெரிந்து, குழுவைத் தொடர்ந்து நடத்துமாறு கேட்டுக்கொண்டிருந்தார். முதற்சாராரின் துயரம் பொய்யன்று. ஆயினும் உரியவரின் விருப்பம் இவ்வாறிருந்தது.

2017ஆம் ஆண்டு ஏப்பிரல் 7ஆம் திகதி, நியூயோர்க் நகரில், றொக் இசைப் புகழ்மண்டபத்தில் யெஸ் குழு சேர்த்துக்கொள்ளப்பட்டது. பிரிந்து வாழ்ந்த பழைய தோழர்கள் அன்று ஒரே மேடையில் நின்றனர். ஒரு பாடலுக்கு, ‘றஷ்’ குழுவின் கெடி லீ ஸ்குவையரின் இடத்தில் நின்று பேஸ் கிற்றார் வாசித்தார். மற்றொரு பாடலுக்கு, குழுவின் கிற்றார் கலைஞரான ஸ்ரீவ் ஹவ் தமது வழமையான கருவியை விடுத்து அதே பணியை ஏற்றார். ஒருவர் நிரப்பிய இடத்தை அன்று இருவர் பகிர்ந்தனர்.

ஸ்குவையரை நினைவுகூர விரும்பும் இரசிகர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பழைய இசைத்தட்டை மீண்டும் சுழலவிட்டு, பாடகரின் குரலை ஒரு கணம் விலக்கி, கீழே செல்லும் நாதத்தைச் செவியாற் பின்தொடர்வதே அது. அவ்வாறு கேட்போருக்கு, தாங்குவதற்காக மட்டும் அமைந்ததென எண்ணப்பட்ட அந்த ஒலி, தானும் ஒரு பாட்டைப் பாடிக்கொண்டிருந்தமை புலப்படும். கிங்ஸ்பரித் தேவாலயத்தில் ஒரு சிறுவன் கற்ற பாடம் அதுவே.