தீவகத்து உயர்தர வகுப்புகள்: ஆசிரியருக்கு யார் படிப்பிப்பது?

நாரந்தனையில் இருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு இரண்டு பஸ் எடுக்கவேண்டும். ஊர்காவற்றுறையில் இருந்து வரும் பஸ்ஸில் ஏறி, வேலணை, அல்லைப்பிட்டி கடந்து, பண்ணையால் நகரத்துக்குள் இறங்கினால் திருநெல்வேலிக்கு இன்னொன்று. உயர்தரம் படித்த நாட்களில் அந்த வழியில் நாங்கள் ஒரு நாள் போய்ச் சேரவேண்டும் என்றுதான் எல்லோரும் எங்களுக்குச் சொன்னார்கள். எங்களுக்குப் படிப்பித்த ஆசிரியர்களையும் இடைக்கிடை அதே வழியில் அனுப்பியிருக்கவேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

நான் இரசாயனவியல் படித்தது தீவகத்துப் பாடசாலை ஒன்றில். நியமிப்பு என்ற பகுதியை ஆசிரியர் வெண்கட்டியால் கரும்பலகையில் வரைந்துதான் விளக்கினார். அளவி, குழாயி, கூம்புக் குடுவை எல்லாமே படங்கள். அளவியையும் குழாயியையும் அவற்றில் எடுக்கப்போகும் கரைசலாலேயே கழுவவேண்டும், குடுவையை மட்டும் காய்ச்சி வடித்த நீரால் கழுவவேண்டும் என்று கொப்பியில் எழுதினோம். ஏன் என்று கேட்டால், 'இல்லாவிட்டால் பிழை வரும்' என்பது பாடமாக்கிய விடை. குடுவையின் சுவரில் ஒட்டி நிற்கும் கரைசலில் உள்ள மூல்களும் கணக்கில் சேர்ந்துவிடும், நீர் சேர்ந்தாலோ மூல் எண்ணிக்கை மாறாது என்ற எளிய காரணம் பரீட்சை முடிந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அளவியை முதன்முதலாகக் கையில் தொட்டது செய்தி சேகரிக்கப் போன ஒரு கண்காட்சியில்.

அந்த ஆசிரியரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் நேரத்துக்கு வந்தார், பாடத்திட்டத்தை முடித்தார், சனிக்கிழமையும் வகுப்பு வைத்தார். ஆனால் அவர் உயர்தரம் படித்தது 1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடைக் காலத்தில். பற்றரி, மண்ணெண்ணெய், இரசாயனப் பொருட்கள் எல்லாம் தடைப்பட்டியலில் இருந்தன. ஜாம் போத்தல் விளக்கில் படித்த அந்தத் தலைமுறைக்கு, மின்கலம் இல்லாமல் மின்னோட்டப் பாடமும் அமிலம் இல்லாமல் அமில-காரப் பாடமும் கற்பிக்கப்பட்டன. அதன் பிறகு 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வு. தீவகம் அதற்கு முன்னரே, 1990-91இல், ஏறக்குறைய வெறுமையாகிவிட்டது. உடைந்த ஆய்வுகூடம் எல்லோர் கண்ணிலும் படும். செய்முறை தெரியாமலே படித்த ஒருவர் அடுத்தவருக்குப் படிப்பிக்கப் போவதை யாரும் கணக்கெடுப்பதில்லை.

இன்று உயர்தர விஞ்ஞானப் பாடங்களுக்குத் தனிச் செய்முறைப் பரீட்சை கிடையாது. செய்முறை அறிவை அமைப்புக் கட்டுரை வினாக்கள் சோதிக்கின்றன. பரிசோதனையைச் செய்து பார்த்த பிள்ளை இரண்டு வரியில் எழுதிவிடும். பாடமாக்கிய பிள்ளை வினாவைச் சற்று மாற்றிக் கேட்டாலே தடுமாறும். இந்தப் புள்ளிகள்தான் இசட் புள்ளிக்குள் போகின்றன. விஞ்ஞான, கணிதப் பிரிவுகளுக்கான பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் நீண்டகாலமாக வழங்கப்பட்டு வருகின்றன. மாவட்டம் என்பது யாழ்ப்பாண மாவட்டம். நாரந்தனைப் பிள்ளையும் நகரத்துப் பெரிய கல்லூரிப் பிள்ளையும் ஒரே வெட்டுப்புள்ளியைத்தான் தாண்டவேண்டும். பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம் உண்டு. மாவட்டத்துக்குள் பின்தங்கிய தீவு என்று ஒரு கணக்கு அங்கே இல்லை.

உயர்தர ஆசிரியர் எப்படி உருவாகிறார்? பெரும்பாலும் பட்டதாரியாக நியமனம் பெற்று, பிறகு பட்டப்பின் கல்வி டிப்ளோமா செய்கிறார். அதில் உளவியல், கற்பித்தல் முறை, மதிப்பீடு எல்லாம் வரும். பாட அறிவு பட்டத்தோடு கிடைத்துவிட்டது என்பது எடுகோள். பாடத்திட்டம் மாறும்போது மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகம் வளவாளர்களைப் பயிற்றுவிக்கும். அவர்கள் மாகாண, வலய ஆலோசகர்களுக்கும், ஆலோசகர்கள் ஆசிரியர்களுக்கும் சொல்வார்கள். படிக்குப் படி இறங்கித் தீவக வலயத்துக்கு வரும்போது அது பெரும்பாலும் ஒருநாள் கருத்தரங்காகியிருக்கும். புதிய பாடத்திட்டத்தில் என்ன சேர்ந்தது, எதை நீக்கினார்கள் என்ற பட்டியல் கிடைக்கும். சேர்ந்ததை எப்படி விளங்கிக்கொள்வது என்பதற்கு அந்த ஒருநாள் போதாது.

மாற்றங்கள் சிறியவையாகவும் இருக்கவில்லை. 2000ஆம் ஆண்டுப் பரீட்சையோடு நான்கு பாடங்கள் மூன்றாகின. தாவரவியலும் விலங்கியலும் உயிரியல் என்ற ஒரே பாடமாகவும், தூய கணிதமும் பிரயோக கணிதமும் இணைந்த கணிதமாகவும் ஆகின. விலங்கியலில் பட்டம் பெற்ற ஒருவர் மறுநாளில் இருந்து தாவர உடற்றொழிலியலும் படிப்பிக்கவேண்டும். 2013இல் தொழில்நுட்பப் பிரிவு வந்தது. முதல் அணி 2015இல் பரீட்சை எழுதியது. அந்தப் பாடங்களையே உயர்தரத்தில் படித்து வந்த பட்டதாரி அன்று ஒருவர்கூட இருந்திருக்க முடியாது, பிரிவே அப்போதுதான் பிறந்தது. பிறகு 2017இல் இன்னொரு பாடத்திட்டம், அதற்கான முதற் பரீட்சை 2019இல்.

இதில் மொழி வேறு. விஞ்ஞான பீடத்தில் பட்டப்படிப்பு ஆங்கிலத்தில். வகுப்பறையில் தமிழ். பட்டம் பெற்று வந்தவர் தான் படித்ததை முதலில் தனக்கே மொழிபெயர்த்துக்கொள்ளவேண்டும். தமிழ்நாட்டுப் புத்தகத்தையோ யூரியூப் பாடத்தையோ துணைக்கு எடுத்தால் கலைச்சொல் வேறாக இருக்கும். அங்கே எலக்ட்ரான், இங்கே இலத்திரன். அங்கே வேதியியல், இங்கே இரசாயனவியல். பிள்ளைக்கு அது வேறு பாடம் போலவே தெரியும்.

ஒரே ஒரு வழியில் மட்டும் ஆழமான பயிற்சி சத்தமில்லாமல் நடக்கிறது. அது விடைத்தாள் திருத்தும் பணி. பல்கலைக்கழக விரிவுரையாளர்களும் அனுபவமுள்ள ஆசிரியர்களும் ஒரே மண்டபத்தில் இருந்து, எந்த விடைக்கு ஏன் புள்ளி, எதற்கு இல்லை என்று நாட்கணக்கில் விவாதிப்பார்கள். அங்கே போய்வந்த ஆசிரியரின் வகுப்பு அடுத்த வருடம் வேறுமாதிரி இருக்கும். நகரத்து ரியூசன் விளம்பரங்களில் அந்த அனுபவமே ஒரு தகுதியாக வருவதற்குக் காரணம் இருக்கிறது.

பல்கலைக்கழகமே பாடசாலை ஆசிரியருக்குப் பாடம் எடுப்பது உலகத்துக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் 1950களில் தேசிய விஞ்ஞான மன்றம் பணம் கொடுக்க, பல்கலைக்கழகங்கள் கோடை விடுமுறையில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களை வளாகத்துக்கு அழைத்துப் பௌதிகமும் கணிதமும் கற்பித்தன. 1957இல் ஸ்புட்னிக் பறந்த பிறகு அது பலமடங்காகப் பெருகியது. 1963இல் இந்தியாவிலும் அதே மாதிரியான கோடை நிறுவகங்கள் தொடங்கின. இன்றும் அமெரிக்காவில் பல்கலைக்கழகத் தரத்துப் பாடங்களைப் பள்ளியில் கற்பிக்கும் ஆசிரியர்களுக்காகக் கோடையில் பல்கலைக்கழகங்கள் 30 மணித்தியாலம் அளவிலான வகுப்புகளை நடத்துகின்றன. ஆசிரியர் அங்கே மாணவராக உட்கார்ந்து, பரிசோதனையைத் தானே செய்து, மாதிரி விடைகளைத் தானே திருத்திப் பார்க்கிறார்.

எங்களிடம் இதற்கான ஆட்கள் இல்லையா? 1974இல் வளாகமாகத் தொடங்கி, 1979இல் தனிப் பல்கலைக்கழகமான நிறுவனம் திருநெல்வேலியில் இருக்கிறது. பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. போரின் நடுவே, 1991இல், யாழ்ப்பாண விஞ்ஞானச் சங்கத்தைத் தொடங்கியவர்கள் இந்த மண்ணின் கல்வியாளர்கள்தான். துறைகள் தனித்தனியாகப் பட்டறைகள் வைப்பதும் உண்டு. ஆனால் அவை ஒருவரின் ஆர்வத்தில் நடந்து, அவர் மேற்படிப்புக்கு வெளிநாடு போனதும் நின்றுவிடக்கூடியவை. வலயமும் பல்கலைக்கழகமும் எழுத்தில் ஒத்துக்கொண்டு, ஒவ்வொரு தவணை விடுமுறையிலும் ஐந்து நாள், பாடத்துக்கு இருபது ஆசிரியர், அரைவாசி நேரம் ஆய்வுகூடத்தில் என்று வைத்தால் போதும். விரிவுரை மண்டபத்தில் இருநூறு பேரை இருத்திப் படவில்லை காட்டுவதைப் பயிற்சி என்று நான் எண்ணமாட்டேன்.

காசு பற்றிப் பேசாமல் முடியாது. புலம்பெயர்ந்த எங்கள் ஊரவர்கள் பாடசாலைகளுக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள். கட்டடம், திறன்பலகை, பரீட்சைக்கு முன்னர் நகரத்து ஆசிரியர்களை அழைத்து மாணவர் கருத்தரங்கு. கருத்தரங்கு அந்த வருடத்துப் பிள்ளைகளோடு போய்விடும். அதே செலவில் ஐந்து ஆசிரியர்களுக்குப் போக்குவரத்து, சாப்பாடு, விரிவுரையாளரின் கொடுப்பனவு, ஒரு பெட்டி இரசாயனப் பொருட்கள் கொடுக்கலாம். திறப்புவிழாப் படம் மட்டும் கிடைக்காது.

இதற்கு எதிராக ஒரு கேள்வி வரும், அது நியாயமானதுதான். பயிற்றுவித்த ஆசிரியர் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போனால்? தீவகத்தில் படிப்பிக்கும் பலர் தினமும் நகரத்தில் இருந்து வந்து போகிறவர்கள். கட்டாய சேவைக்காலம் முடிந்ததும் போய்விடுவார்கள். ஆகவே, வந்த முதல் வருடத்திலேயே பயிற்சி கொடுக்கவேண்டும். போகும்போது பாடக் குறிப்புகளும் பரிசோதனைத் தாள்களும் பாடசாலையில் நிற்கவேண்டும். இந்த மண்ணிலேயே பிறந்து திரும்பி வந்த ஆசிரியர்களுக்கு முன்னுரிமை வேண்டும். அப்படியானவர்கள் குறைவு, ஆனால் இருக்கிறார்கள்.

நான் மூன்றாவது தடவை கலைப்பிரிவில் எழுதித்தான் ஊடகக் கற்கைக்குப் போனேன். அதில் வருத்தமில்லை. கடந்த மாதம் ஊருக்குப் போனபோது, இரசாயனவியல் கற்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவரின் அலுமாரியில் இரண்டு அளவிகளைக் கண்டேன். ஒன்றின் திருகுவாய் உடைந்திருந்தது. மற்றதை மேசையில் பொருத்தி, வகுப்புக்கு முன்னர் தானே இரண்டு தரம் செய்து பார்ப்பதாகச் சொன்னார். முடிவுப் புள்ளி தாண்டித் தாண்டிப் போகிறதாம், கேட்க ஆளில்லையாம். பினோத்தலினில் வெளிறிய இளஞ்சிவப்போடு நிறுத்தவேண்டும், கடைசியில் சொட்டுச் சொட்டாக விடவேண்டும் என்று எனக்கு வாசிப்பில் தெரிந்ததைச் சொன்னேன். எனக்கும் செய்து பழக்கமில்லை. திருநெல்வேலியில் யாரைக் கேட்கலாம் என்று விசாரித்துத் தருவதாக அவருடைய தொலைபேசி இலக்கத்தை வாங்கிக்கொண்டு, நான்கு மணி பஸ்ஸைப் பிடித்தேன்.