புனித அகுஸ்தீன் ஆலயம் (நியூ ஓர்லியன்ஸ்)

புனித அகுஸ்தீன் ஆலயம், ஐக்கிய அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், நியூ ஓர்லியன்ஸ் நகரின் திரமே பகுதியில் அமைந்துள்ள கத்தோலிக்கப் பங்கு ஆலயம் ஆகும். 1842 அக்டோபர் 9 அன்று இது நேர்ந்தளிக்கப்பட்டது. அடிமை முறை நிலவிய காலத்தில் அடிமைகள், விடுதலை பெற்ற கறுப்பினத்தவர், வெள்ளையர் ஆகிய மூன்று பிரிவினரும் ஒரே கூரையின் கீழ் வழிபட்ட இடம் என்பதால் இது வரலாற்றுச் சிறப்புப் பெறுகிறது. இதன் வரலாறு அருகில் இயங்கிய பெண்கள் பள்ளி ஒன்றின் வரலாற்றுடன் பிணைந்துள்ளது.

பள்ளி

ஆலயம் எழுவதற்கு முன்பே இப்பகுதியில் கல்விப் பணி தொடங்கிவிட்டது. விடுதலை பெற்ற கறுப்பினச் சிறுமியருக்கான பள்ளி ஒன்றைப் பிரான்சிலிருந்து வந்த அருட்சகோதரி ஒருவர் 1823 இல் தொடங்கினார். பின்னர் இப்பணியை உர்சுலைன் சபைத் துறவியரும், அவர்களை அடுத்துக் கார்மேல் சபைத் துறவியரும் ஏற்று நடத்தினர். அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்பிப்பதை லூசியானா அரசு 1830 இல் சட்டத்தின் மூலம் குற்றமாக்கியது. இதனால் அடிமைகளுக்கு வாய்மொழியாக மறைக்கல்வி மட்டுமே அளிக்க முடிந்தது. கார்மேல் துறவியரின் கன்னியர் மடமும் பள்ளியும் 1926 இல் நகரின் வேறொரு பகுதிக்கு இடம்பெயர்ந்தன.

இருக்கைப் போட்டி

தங்களுக்கென ஓர் ஆலயம் வேண்டும் என விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் ஆயர் அந்துவான் பிளாங்கிடம் அனுமதி பெற்றனர். அக்காலத்தில் ஆலய இருக்கைகள் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடப்படுவது வழக்கம். நேர்ந்தளிப்புக்குச் சில மாதங்களுக்கு முன் அவர்கள் இருக்கைகளுக்குப் பணம் கட்டத் தொடங்கினர். இதை அறிந்த வெள்ளையரும் போட்டியிட்டு இருக்கைகளை எடுக்கலாயினர். பங்கின் வரலாற்றுக் குறிப்புகளின்படி, வெள்ளையர் எடுத்த ஒவ்வோர் இருக்கைக்கும் கறுப்பின மக்கள் மூன்று இருக்கைகளை எடுத்தனர். அத்துடன் இரு பக்கங்களிலும் இருந்த சிற்றிருக்கைகளுக்கும் அவர்களே பணம் செலுத்தி, அவற்றை அடிமைகளின் பயன்பாட்டுக்கு விட்டுக்கொடுத்தனர்.

என்றியெத் தெலீல்

இப்பள்ளிச் சூழலில் உருவானவர்களுள் முதன்மையானவர் என்றியெத் தெலீல் (இறப்பு 1862). கறுப்பினப் பெண்களை ஏற்கும் துறவற சபை நகரில் இல்லாததால், 1842 இல் தோழியருடன் இணைந்து திருக்குடும்ப சகோதரிகள் சபையைத் தொடங்கினார். இச்சபை அடிமைகளுக்கு மறைக்கல்வி அளித்ததுடன், முதியோரையும் ஆதரவற்றோரையும் பேணியது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2010 இல் இவரை வணக்கத்திற்குரியவர் என அறிவித்தார்.

பிற்காலம்

உள்நாட்டுப் போருக்குப் பின் அடிமை முறை ஒழிந்தபோதிலும் இனப் பிரிவினை வலுப்பெற்றது. நகரில் கறுப்பினத்தவருக்கெனத் தனிப் பங்கு ஒன்று 1895 இல் உருவாக்கப்பட்டது. ஒரே ஆலயத்தில் சேர்ந்து வழிபட்டு வந்த கிரியோல் மக்களில் பலர் இதை எதிர்த்தனர். தொடர்வண்டியில் வெள்ளையருக்கான பெட்டியில் 1892 இல் அமர்ந்து கைதாகி, 1896 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற வழக்கால் அறியப்பட்ட ஓமர் பிளெசி இப்பங்கைச் சேர்ந்தவராகக் குறிப்பிடப்படுகிறார்.

பெயர் அறியப்படாமல் மடிந்த அடிமைகளின் நினைவாக, ஆலய வளாகத்தில் 2004 இல் நினைவுச் சின்னம் ஒன்று அமைக்கப்பட்டது. கனத்த இரும்புச் சங்கிலியாலான சாய்ந்த சிலுவையும் அதில் தொங்கும் விலங்குகளும் இதன் அடையாளங்கள்.

மூடலும் மீட்பும்

2005 ஆகத்து மாதம் வீசிய கத்திரீனா சூறாவளிக்குப் பின் நகரின் மக்கள் தொகை பெரிதும் குறைந்தது. ஞாயிறு திருப்பலிக்கு வருவோர் எண்ணிக்கையையும் நிதி நிலையையும் காரணம் காட்டி, உயர்மறைமாவட்டம் 2006 தொடக்கத்தில் இப்பங்கைக் கலைத்து அண்டைப் பங்குடன் இணைக்க முடிவு செய்தது. வரலாற்று நினைவிடத்தை இழக்க விரும்பாத பங்கு மக்களும் ஆதரவாளர்களும் பங்குக் குருவின் இல்லத்தினுள் தங்கிப் போராடினர். பேச்சுவார்த்தைக்குப் பின் அதே ஆண்டு ஏப்பிரலில் பங்கு மீண்டும் திறக்கப்பட்டது. உறுப்பினர் எண்ணிக்கை, நிதி ஆகியவற்றை மேம்படுத்திக் காட்ட 18 மாத காலம் அளிக்கப்பட்டது. பங்கு அதன் பின்னரும் நிலைத்தது.