கட்டிய நகரமும் கட்டாத நகரமும்

பழைய நகரங்களை நடந்து பார்க்கிறவனிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. கல்லைத் தொட்டால் காலத்தைத் தொட்டதாகும் என்ற நம்பிக்கை. குறுகலான தெரு, தேய்ந்த படிக்கட்டு, சற்றே சாய்ந்து நிற்கும் சுவர் எல்லாவற்றையும் அவன் சாட்சிகளாக எடுத்துக்கொள்கிறான். வார்ஸாவின் பழைய நகரத்தில் இந்த நம்பிக்கை ஒரு தெருவின் நீளத்துக்குக்கூடத் தாங்குவதில்லை. அங்கே சந்தைச் சதுக்கத்தில், 17ஆம் நூற்றாண்டின் முகப்பைக் கொண்ட வீட்டு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் முதியவர் அந்த வீட்டைவிட மூத்தவராக இருக்கலாம். சதுக்கத்தின் வீடுகள் 1953ல் திறந்துவைக்கப்பட்டவை.

இது தெரிந்ததும் ‘போலி’ என்ற சொல் நாக்கில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எனக்கும் வந்தது. அந்தச் சொல் எவ்வளவு தூரம் செல்லும் என்று தெருத்தெருவாகப் பார்ப்பதே இங்கு நோக்கம்.

நடை கோட்டைச் சதுக்கத்தில் தொடங்குகிறது. நடுவில் மூன்றாம் ஸிகிஸ்முண்ட் மன்னரின் தூண். 1644ல் அவர் மகன் எழுப்பியது. 1944 செப்டம்பரின் தொடக்கத்தில் ஜெர்மானியர் அதை வீழ்த்தினார்கள். உச்சியிலிருந்த வெண்கலச் சிலை சேதத்துடன் தப்பியது. புதிய கருங்கல் தண்டின் மேல் 1949ல் மறுபடி ஏற்றப்பட்டது. அரண்மனையை ஒட்டிய தரையில் பழைய தண்டுகள் கிடத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றல்ல, இரண்டு. முதலாவது 17ஆம் நூற்றாண்டுத் தண்டு. இரண்டாவது, அது பழுதுபட்டதால் 1880களில் மாற்றி நிறுத்தியது. ஆக, 1944ல் விழுந்ததே அசல் தூண் அல்ல. மூலம் எது என்ற கேள்வி முதல் அடியிலேயே சிக்கலாகிவிடுகிறது.

நடந்தது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1939 செப்டம்பர் முற்றுகையிலேயே அரண்மனை எரிந்தது. 1944 ஆகஸ்ட் 1ல் வார்ஸா கிளர்ந்தெழுந்தது. 63 நாள் போரிட்டது. பழைய நகரம் செப்டம்பர் 2ல் வீழ்ந்தது. அங்கிருந்த போராளிகளில் சுமார் 5,000 பேர் பாதாளச் சாக்கடை வழியே வெளியேறினார்கள். அக்டோபரில் சரணடைந்த பிறகுதான் விசேஷமான வேலை தொடங்கியது. மக்களை வெளியேற்றிவிட்டு, வீடு வீடாகத் தீ வைத்தும் வெடி வைத்தும் நகரத்தை அழித்தார்கள். போரில் அழிவது வேறு. ஆளில்லாத நகரத்தை வரிசைக்கிரமமாக அழிப்பது வேறு. அதில் ஒரு குமாஸ்தாத்தனம் இருக்கிறது. 1945 ஜனவரி 17ல் சோவியத் படை நுழைந்தபோது பழைய நகரத்தில் ஏறக்குறைய எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. தலைநகரை வேறு ஊருக்கு மாற்றிவிடலாமா என்ற யோசனைகூட இருந்தது. அடுத்த மாதமே தலைநகர் மறுநிர்மாண அலுவலகம் அமைக்கப்பட்டது.

எதைப் பார்த்துக் கட்டினார்கள்? வெனிஸிலிருந்து வந்த பெர்னார்தோ பெல்லோத்தோ என்ற ஓவியரின் படங்களைப் பார்த்து என்பது வழிகாட்டிகள் விரும்பிச் சொல்லும் கதை. புகழ்பெற்ற கனலெத்தோவின் மருமகன் இவர். போலந்தின் கடைசி மன்னரிடம் ஆஸ்தான ஓவியராக இருந்து 1780ல் வார்ஸாவிலேயே இறந்தார். இவருடைய படங்கள் மறுநிர்மாணத்துக்கு உதவியது உண்மை. ஆனால் இவர் வரைந்தவற்றில் பெரும்பாலானவை சந்தைச் சதுக்கத்துக்கு வெளியே உள்ள தெருக்களும் அரண்மனைகளும்தான். தவிர, அவர் ஓவியர். கண்ணுக்கு உகந்தபடி கட்டடங்களைச் சற்றுத் திருத்தவும் செய்தார். அவர் திருத்தியபடியே சில கட்டடங்கள் எழுந்தும் விட்டன.

பழைய நகரத்துக்குப் பெரிதும் கைகொடுத்தவை கவர்ச்சியில்லாத வேறு சில காகிதங்கள். வார்ஸா தொழில்நுட்பக் கல்லூரியின் கட்டடக்கலை மாணவர்கள், போருக்கு முன் பாடத்தின் பகுதியாக வீடு வீடாகப் போய் அளவெடுத்து வரைந்த படங்கள் அவை. ஜன்னலின் அகலம், கதவு நிலையின் உயரம், கூரையின் சரிவு. அந்த மாணவர்களுக்கு அது மதிப்பெண்ணுக்கான வேலையாக மட்டுமே இருந்திருக்கும். கிளர்ச்சி தோற்றபின் அந்தக் காகிதங்கள் நகரத்திலிருந்து ரகசியமாகக் கடத்தப்பட்டு, பியோத்ர்கூஃப் என்ற ஊரின் மடாலயத்தில் ஒளித்துவைக்கப்பட்டன. போர் முடிந்ததும் திரும்பி வந்தன.

இனி அந்தக் காகிதங்களிலிருந்து எழுந்த தெருக்களில் நடக்கலாம். புனித யோவான் பேராலயத்தின் முகப்பு செங்கல்லில், கூர்மையாக, நல்ல இடைக்காலத் தோற்றத்தில் நிற்கிறது. 1939ல் அங்கே இருந்த முகப்பு இதுவல்ல. அது 19ஆம் நூற்றாண்டில் வைத்தது. அதை மறுபடி கட்ட வேண்டாமென்று முடிவு செய்து, அந்தப் பிரதேசத்தின் பழைய கோதிக் பாணியில் ஒன்றை யான் ஸக்வதோவிச் வடிவமைத்தார். மறுநிர்மாணத்தில் புராதனச் சின்னங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் அவர்தான். நகரத்தின் வடக்கு வாசலில் இருக்கும் பார்பிகன் என்ற வட்டக் கோட்டை 1548ல் கட்டியது. பின்னால் இடிக்கப்பட்டும் வீடுகளுக்குள் மறைந்தும் போனது. போருக்கு முந்திய வார்ஸாக்காரர்கள் பார்க்காத அளவுக்கு முழுமையாக அது 1954ல் எழுந்தது. சந்தைச் சதுக்கத்து வீடுகளின் முகப்புகளில் உள்ள வர்ணச் சித்திரங்கள் பல, 1953ன் ஓவியர்கள் புதிதாகப் போட்டவை.

வீடுகளுக்குப் பின்னால் போனால் இன்னொன்று தெரியும். பழைய பின்கட்டுகள் இல்லை. போருக்கு முன் அவற்றில்தான் ஏழைகள் வெளிச்சமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். அவற்றைக் கட்டாமல் விட்டு, முற்றங்களைத் திறந்து, குழாய்த் தண்ணீரும் குளியலறையும் உள்ள குடியிருப்புகளாக உள்ளே அமைத்தார்கள். முகப்பு பழைய வணிகருடையது. உள்ளே இருப்பது நவீன வாழ்க்கை.

ஆகவே இதைப் பிரதி என்று சொல்வதற்கில்லை. பல ஏடுகளை ஒப்பிட்டு, பாடபேதங்களில் தனக்கு உகந்ததை எடுத்து, இடைச்செருகல் என்று பட்டதை நீக்கி, விட்டுப்போன இடத்தைத் தானே நிரப்பிய ஒரு பதிப்பு இது. பதிப்பாசிரியருக்கு ஒரு பட்சம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டு முதலாளிகளின் காலம், ஆகவே நீக்கத்தக்கது. 17, 18ஆம் நூற்றாண்டுகளின் நகரத்தார் ஏற்கத்தக்கவர்கள். மன்னரின் அரண்மனையோ நெடுநாள் வெற்றிடமாகவே கிடந்தது. அதைக் கட்டும் முடிவு 1971 ஜனவரியில், ஆட்சியில் ஆள் மாறிய பிறகுதான் வந்தது. மக்கள் நன்கொடையில் எழுந்து 1984ல் திறந்தது.

கட்டியது எந்த நிலத்தில், எந்தச் செங்கல்லில் என்பதையும் பார்க்க வேண்டும். 1945 அக்டோபர் 26ன் ஆணை, வார்ஸாவின் நிலம் முழுவதையும் நகரசபைக்கு உரியதாக்கியது. அது இல்லாமல் இவ்வளவு வேகமாக ஒரு தெருவையும் கட்டியிருக்க முடியாது. அதன் விளைவான சொத்து வழக்குகள் அந்த ஆட்சியே போன பின்னும் தொடர்ந்தன. செங்கல் பல இடங்களிலிருந்து வந்தது. போர் முடிவில் போலந்துக்குக் கிடைத்த ஜெர்மானிய நகரங்களான வ்ரோத்ஸ்வாஃப், நிஸா போன்றவற்றின் கட்டடங்களைப் பிரித்து ரயிலில் கொண்டுவந்தார்கள். பார்பிகனின் சுவரில் இருப்பது அவற்றின் செங்கல். ஒரு நகரத்தின் பழமை இன்னொரு நகரத்தின் பழமையைத் தின்று எழுந்திருக்கிறது.

இவ்வளவும் தெரிந்தபின் ‘போலி’ என்ற சொல் வலுப்பெற வேண்டும். எனக்கு அது பலவீனமானது. போலி என்பது ஏமாற்றும் நோக்கம் உடையது. ஸக்வதோவிச் யாரையும் ஏமாற்றவில்லை. அழிந்ததை அப்படியே கட்டக்கூடாது என்ற புராதனப் பாதுகாப்பின் விதியை அவர் அறிந்திருந்தார். அதை மீறுகிறோம் என்பதையும் 1946லேயே ஒப்புக்கொண்டு எழுதினார். ஒரு ஜனத்தின் நினைவையே திட்டமிட்டு அழிக்கும்போது விதியைக் காப்பதா, நினைவைக் காப்பதா என்பது அவர் முன்னிருந்த கேள்வி. 1980ல் யுனெஸ்கோ இந்த நகரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும் பழமைக்காக அல்ல. 1945க்குப் பிறகு நடந்த காரியத்துக்காக.

ஆனால் நடை பார்பிகனோடு முடிந்துவிடக்கூடாது. பெரும்பாலோர் அங்கிருந்து திரும்பிவிடுகிறார்கள். மேற்கே இன்னும் 20 நிமிடம் நடந்தால் முரானூஃப் என்ற பகுதி வரும். வழியில் கிரஸின்ஸ்கி சதுக்கம், பிறகு ஒரு பூங்கா. பூங்காவைத் தாண்டியதும் நகரத்தின் சுருதி மாறுகிறது. மூன்று நான்கு மாடிக் குடியிருப்புகள், மரங்கள், துணி உலரும் பால்கனிகள். பழமையின் சாயல் எதுவும் இல்லை. ஒன்று மட்டும் விநோதமாகப் படும். பல கட்டடங்கள் தெருமட்டத்திலிருந்து உயர்ந்த மேட்டின் மேல் நிற்கின்றன. வாசலுக்குப் போக வெளியே படியேற வேண்டியிருக்கிறது.

அந்த மேடு இயற்கையானதல்ல. அது வார்ஸா கெட்டோ.

போருக்கு முன் வார்ஸாவின் ஜனத்தொகையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு யூதர்கள். 1940 நவம்பர் 16ல் அவர்களைச் சுவருக்குள் அடைத்து மூடினார்கள். நெரிசல் உச்சத்திலிருந்தபோது உள்ளே நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். 1942 ஜூலை 22ல் ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு ரயில்கள் புறப்படத் தொடங்கின. இரண்டு மாதத்துக்குள் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். மிஞ்சியவர்கள் 1943 ஏப்ரல் 19ல் ஆயுதமேந்தினார்கள். மே 16ல் பெரிய யூதக்கோயிலை வெடிவைத்துத் தகர்த்து, எல்லாம் முடிந்ததென்று ஜெர்மானியத் தளபதி அறிவித்தான். பிறகு அந்தப் பகுதி தரைமட்டமாக்கப்பட்டது.

1940களின் இறுதியில் போஹ்தான் லாஹெர்ட் என்ற கட்டடக்கலைஞர் இங்கே குடியிருப்புகளை வடிவமைத்தார். இடிபாடுகளை முழுவதும் அப்புறப்படுத்துவது சாத்தியமாக இல்லை. அவற்றையே மேடாக்கினார், அவற்றையே அரைத்துக் கட்டடக் கற்களாக்கினார். சுவர்களுக்குப் பூச்சு வேண்டாம், கல்லின் நிறம் அப்படியே தெரியட்டும், அதுவே நினைவுச்சின்னமாக இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். குடியிருக்கும் இடம் இவ்வளவு சோகமாக இருக்கலாகாது என்று மேலே வெள்ளைப் பூச்சு பூசிவிட்டார்கள். அந்தப் பூச்சுக்கு அடியில் என்ன இருக்கிறதென்று அங்கே தெரியாதவர் இல்லை.

இந்த இடத்தில் எனக்கு அந்த மாணவர்களின் படங்கள் நினைவுக்கு வந்தன. ஏனென்றால் இங்கும் காகிதங்கள் ஒளித்துவைக்கப்பட்டன. சரித்திராசிரியர் இமானுவேல் ரிங்கெல்ப்ளூமும் அவர் சகாக்களும் கெட்டோவின் வாழ்க்கையை அன்றன்றைக்குச் சேகரித்தார்கள். நாட்குறிப்புகள், குழந்தைகளின் கட்டுரைகள், அறிவிப்புச் சுவரொட்டிகள், ரேஷன் சீட்டுகள், மிட்டாய்க் காகிதங்கள். இவற்றை நோவோலிப்கி தெரு 68ஆம் எண்ணில், ஒரு பள்ளியின் நிலவறையில் புதைத்தார்கள். ரிங்கெல்ப்ளூம் 1944 மார்ச்சில் கொல்லப்பட்டார். அந்தக் குழுவில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் பங்கெடுத்திருக்க, போருக்குப் பின் எஞ்சியவர்கள் மூன்று பேர். 1946 செப்டம்பரில் அவர்கள் தந்த தகவலைக் கொண்டு தோண்டினார்கள். தெருவே இல்லாத இடத்தில் கதவெண்ணைத் தேட வேண்டியிருந்தது. முதலில் பத்து தகரப் பெட்டிகள் கிடைத்தன. 1950 டிசம்பரில், குடியிருப்பு கட்டும் வேலையின் நடுவே, இரண்டு பால் பாத்திரங்கள் கிடைத்தன.

இரண்டு காகிதக் கட்டுகளும் இன்று யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இருக்கின்றன. ரிங்கெல்ப்ளூமின் சேகரிப்பு 1999லும், மறுநிர்மாண அலுவலகத்தின் ஆவணங்கள் 2011லும் சேர்க்கப்பட்டன. ஒரே நகரம், ஒரே எதிரி, ஒளித்துக் காப்பாற்றிய கைகளின் துணிவும் ஒரே ரகம். ஒன்றிலிருந்து ஒரு நகரம் எழுந்தது. மற்றதிலிருந்து ஒரு வீடுகூட எழவில்லை.

காகிதத்தின் தன்மை இதற்குக் காரணமல்ல. வீடுகளைக் கேட்கிறவர்கள் ஒரு பக்கம் உயிரோடிருந்தார்கள். மற்றப் பக்கம் இல்லை. பழைய நகரத்தின் மேல் வைக்கத்தக்க விமர்சனம் அதன் கற்கள் புதியவை என்பதல்ல. ஒரு நகரம் தன் நினைவு என்று எதைக் கருதியது, யாரை அந்த நினைவின் சொந்தக்காரராகக் கருதியது என்பதுதான். சந்தைச் சதுக்கத்தைத் திறந்துவைத்த நாள் 1953 ஜூலை 22. அது அன்றைய ஆட்சியின் தேசிய விழா நாள். பதினோரு வருடம் முன்பு அதே ஜூலை 22ல்தான் ட்ரெப்ளிங்கா ரயில்கள் புறப்படத் தொடங்கின. யாரும் திட்டமிட்டு இரண்டையும் ஒரே தேதியில் வைக்கவில்லை. அதுதான் விஷயம். அந்தத் தேதி ஒரு பாதி நகரத்துக்கு வேறு அர்த்தம் உடையது என்று நினைவூட்ட அப்போது அந்தப் பாதி அங்கே இல்லை.

முரானூஃபில் எதுவுமே எழவில்லை என்பதும் சரியல்ல. 1948லேயே நாதான் ராப்பபோர்ட்டின் கெட்டோ வீரர் நினைவுச்சின்னம் அங்கே நின்றுவிட்டது. 1970 டிசம்பரில் ஜெர்மானியப் பிரதமர் வில்லி பிராண்ட் அதன் முன்னால்தான் மண்டியிட்டார். அதற்கு எதிரே போலந்து யூதர்களின் சரித்திரத்துக்கான மியூசியம் 2013ல் திறந்தது. இவை நினைவுச்சின்னங்கள். பழைய நகரத்தில் கட்டப்பட்டவை வீடுகள். இந்த வித்தியாசம் சிறியதல்ல.

திரும்பி வருவதற்குப் பூங்காவின் வடக்கு ஓரமாகப் போகும் ஸ்வியெந்தோயெர்ஸ்கா தெரு இருக்கிறது. நேரே பார்பிகன் அருகில் கொண்டுவந்து விடும். ரிங்கெல்ப்ளூமின் சேகரிப்பில் மூன்றாவது பகுதி ஒன்று இந்தத் தெருவில் எங்கோ புதைக்கப்பட்டதாக நம்பப்படுகிறது. தேடினார்கள், கிடைக்கவில்லை. நடைபாதையில் நடந்து வரும்போது அது நம் காலுக்கு அடியில் இருக்கலாம். தெருக்கோடியில் கோட்டைச் சுவரின் சிவப்புச் செங்கல் தெரியத் தொடங்குகிறது.