மருந்தின் மறுபக்கம்

நோய் தீர்க்க வந்த மருந்தே புதிய துன்பங்களைத் தருமானால் அதைப் பொறுத்துக்கொள்வதா, மருந்தையே கைவிடுவதா? மனச்சோர்வுக்கு மருந்துண்போர் பலருக்கும் எழும் கேள்வி இது. அம்மருந்துகளின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் மூன்றாவது வழியொன்று புலனாகும். துன்பத்தை வாய்திறந்து சொல்வதும், சொல்வதைப் பிறர் செவிமடுப்பதுமே அவ்வழி.

1952-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவிலுள்ள சீ வியூ மருத்துவமனையில் காசநோயாளருக்கு இப்ரோனியாசிட் என்னும் புதிய மருந்து கொடுக்கப்பட்டது. சோர்ந்து கிடந்தவர்கள் பசித்து உண்டனர், உற்சாகத்தோடு நடமாடினர். காசநோய் மருந்தின் பக்க விளைவாகத் தோன்றிய இம்மகிழ்ச்சி மனநல மருத்துவரின் கவனத்தை ஈர்த்தது. 1957-இல் நேத்தன் கிளைன் முதலானோர் அதனை மனச்சோர்வுக்கு உதவும் மருந்தென அறிவித்தனர். ஆனால் அது சிலருடைய கல்லீரலைத் தாக்கியதால், 1961-இல் அமெரிக்காவில் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது.

அதே காலத்தில் சுவிட்சர்லாந்தின் மூன்ஸ்டர்லிங்கன் மனநல மருத்துவமனையில் ரோலண்ட் கூன் என்பவர், கெய்கி நிறுவனம் அளித்த இமிப்ரமின் என்னும் பொருளை ஆராய்ந்து வந்தார். மனச்சிதைவு நோய்க்குப் பயன்படாத அப்பொருள், மனச்சோர்வுற்றோரைத் தேற்றுவதை அவர் 1956-இல் கண்டார்; மறு ஆண்டில் வெளியிட்டார். மூன்று வளையங்கள் கொண்ட வேதியமைப்பால் 'டிரைசைக்ளிக்' எனப் பெயர்பெற்ற மருந்துக் குடும்பம் இவ்வாறு பிறந்தது. 1961-இல் அமிட்ரிப்டிலின் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது.

இப்பெருமைக்கு நிழலும் உண்டு. அம்மருத்துவமனையில் பல்லாண்டுகளாகப் பல சோதனை மருந்துகள், நோயாளருக்குப் போதிய விளக்கமோ அவர்தம் இசைவோ இன்றிக் கொடுக்கப்பட்டதை, துர்காவ் மாநில அரசின் ஏற்பாட்டில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு வெளிக்கொணர்ந்தது. மருந்தைக் கண்டவரின் பெயர் நிலைத்தது. அதை உடலில் ஏற்றவர்களின் குரலோ அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரே கேட்டது.

செவிமடுத்தலின் பயனை 1963-இல் இலண்டனில் காணலாம். இப்ரோனியாசிட் இனத்தைச் சேர்ந்த மருந்துகளை உண்டோர் சிலருக்குத் திடீரெனக் கடுந்தலைவலியும் இரத்த அழுத்த உயர்வும் ஏற்பட்டன. இதுபற்றி இளம் மருத்துவர் பாரி பிளாக்வெல் எழுதிய குறிப்பைப் படித்த மருந்தாளர் ஒருவர் அவருக்கு மடல் அனுப்பினார். அம்மருந்தை உண்டுவந்த தம் மனைவி பாலாடைக்கட்டி உண்டபின் இருமுறை அவ்வாறே துன்புற்றதையும், வெண்ணெயாலும் பாலாலும் தீங்கு நேராததையும் அதில் குறித்திருந்தார். முதலில் நகைப்புக்கிடமான அக்குறிப்பே உண்மையென நிலைபெற்றது. நாட்பட்ட பாலாடைக்கட்டியில் மிகுந்துள்ள டைரமின் என்னும் பொருளைக் குடலிலும் கல்லீரலிலும் சிதைக்கின்ற நொதியை அம்மருந்து தடுத்துவிடுகிறது. இரத்தத்தில் கலக்கும் டைரமின் அழுத்தத்தை உயர்த்துகிறது. அன்றிலிருந்து அவ்வின மருந்துகளுடன் உணவுக் கட்டுப்பாடும் சேர்த்தே சொல்லப்படுகிறது.

டிரைசைக்ளிக் மருந்துகளின் தொல்லைகள் வேறு வகையின. உடலில் அசிட்டைல்கோலின் என்னும் பொருளின் பணியை அவை தடுப்பதால் நாவறட்சி, மலச்சிக்கல், மங்கிய பார்வை, சிறுநீர் கழிப்பதில் இடர் ஆகியவை தோன்றுகின்றன. உறக்கக் கலக்கமும் எழுந்து நிற்கையில் தலைச்சுற்றலும் சிலருக்கு உண்டு. அடிக்கடி சிறிது நீர் பருகுதல், கீரையும் பழமும் சேர்த்தல், படுக்கையில் சற்று அமர்ந்து பின் எழுதல் ஆகியவை இவற்றைத் தணிக்கும். மருத்துவர் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவதும், இரவில் உண்ணச் சொல்வதும் இதனாலேயே. கண்ணழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம், இதயநோய் உள்ளவர்கள் அதை முன்னரே தெரிவிக்க வேண்டும். நெஞ்சு படபடப்பு, மயக்கம், கடுங்கண்வலி, சிறுநீர் அடைப்பு ஆகியவை நேர்ந்தால் காலந்தாழ்த்தலாகாது. அளவு மீறினால் இம்மருந்து இதயத்தைத் தாக்கி உயிரையே பறிக்கக்கூடும். ஆதலால் மனமுடைந்தவர் வீட்டில் மருந்தை உறவினர் பொறுப்பில் வைத்திருப்பது நலம்.

இவற்றினும் நுட்பமான இடர் ஒன்றுண்டு. தொல்லைகள் முதல் நாட்களிலேயே தொடங்கிவிடுகின்றன. மனத்தின் தேறுதலோ இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குப் பின்னரே தெரிகிறது. இந்த இடைவெளியில்தான் பலர் எவரிடமும் சொல்லாமல் மருந்தை நிறுத்திவிடுகின்றனர். திடீரென நிறுத்துவதால் குமட்டலும் உறக்கமின்மையும் வரலாம். பழைய இருளும் திரும்பலாம். மனச்சோர்வுற்றவர் இயல்பாகவே தம் துன்பத்தைப் பொருட்படுத்தத் தகாததெனக் கருதுபவர். "வாய் உலர்கிறது" என்று அவர் தயங்கிச் சொல்லும்போது "மருந்தென்றால் அப்படித்தான்" என்று நாம் தள்ளிவிட்டால், அடுத்தமுறை அவர் சொல்லவே மாட்டார்.

புதிய மருந்துகள் பல வந்துவிட்ட இந்நாளிலும் அமிட்ரிப்டிலின் உலக நலவாழ்வு நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. மருந்து எழுதுவது மருத்துவர் பணி; அதை உண்பவரருகே அமர்ந்து, "எப்படி இருக்கிறது?" என்று கேட்டு, விடை வரும்வரை காத்திருப்பது நம் அனைவர் பணியுமாகும்.